பெட்டிக்குள் போன பெயர்

ரெஸ்லிங்கில் விழும் அடியெல்லாம் நிஜம் என்று யாராவது சொன்னால் ஜிப் அக்கா ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே சிரிப்பாள். ஏன் சிரிக்கமாட்டாள்? ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் தங்கமுஷ்டி, ஒரே குத்தில் மலையைச் சாய்ப்பதாகப் பேர் வாங்கினவன், பின்பக்கம் தையல் விட்டுப்போய், இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் கடை வாசலில் கூனிக்குறுகி நின்றிருக்கிறான். "அக்கா, சீக்கிரம்கா. அடுத்து என் மேட்ச்தான். துண்டோட போனா மானம் போயிடும்." அக்கா அவனைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். மேடையில் அவனுடைய ஜென்ம விரோதி என்று சொல்லப்படுகிறவன்தான் வெளியே நின்றுகொண்டு அவனுக்கு டீ வாங்கி வைத்திருந்தான்.

கடை என்று பேர்தானே தவிர அது ஒரு அறை. உள்விளையாட்டு அரங்கத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மிஷினும் ஒரு இஸ்திரி மேஜையும் போட்டால் மிச்சம் ஒரு ஆள் நிற்கலாம். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, முக்கியமாக ஜிப் மாற்றுவது. மற்ற கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பும் தோல் ஜாக்கெட்டுக்குக்கூட அவள் ஜிப் வைத்துவிடுவாள். அதனால் ஜிப் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் அவள் அம்மாவுக்கும் மின்சார பில்லுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து, கடைக்கு மேலேயே மாடியில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தாள்.

தம்பிக்குக் குண்டூசி என்று பேர் வைத்ததும் அவள்தான். உடம்பு கம்பி, தலை மட்டும் பெரிசு, வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடமாட்டான். பேருக்குத் தகுந்த ஆள். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் எண்ணெய்க் கறையோடு கிடப்பான், சனிக்கிழமை சாயந்திரமானால் குளித்துவிட்டு அரங்கத்துக்கு ஓடுவான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "சனிக்கிழமை ரெஸ்லிங் பார்க்க விடற பொண்ணா இருந்தா சொல்லு" என்பான். அக்காவையும் விடமாட்டான், இழுத்துக்கொண்டு போவான். அவள் போவது குஸ்தி பார்க்க இல்லை. தான் போட்ட தையல் தாங்குகிறதா என்று பார்க்க.

அந்த அரங்கம் ஒரு காலத்தில் ஈயோட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசை மட்டும் நிறையும், பின்னால் நாற்காலிகள் பல்லிளிக்கும். ரெஸ்லிங் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில்தான் பாதாளன் வந்தான்.

ஒரு சனிக்கிழமை, தங்கமுஷ்டி ஜெயித்துக் கையைத் தூக்கி நிற்கும்போது அரங்கத்தில் விளக்கெல்லாம் பட்டென்று அணைந்தது. எங்கேயோ மணி அடித்தது. புகை. புகைக்குள்ளிருந்து நாலு பேர் ஒரு கறுப்புப் பெட்டியைச் சுமந்து வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் தரையைக் கூட்டும் கறுப்பு அங்கியில், முகமெல்லாம் சாம்பலாக, ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஆள். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இதே மேடையில நான் விழுந்தேன்," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க சிரிச்சீங்க. சிரிச்சே என்னைக் கொன்னீங்க. இப்ப திரும்பி வந்திருக்கேன். ஒவ்வொருத்தரா எடுத்துக்கப் போறேன்." விளக்கு திரும்ப வந்தபோது அவனைக் காணோம்.

குழந்தைகள் வீல் என்று கத்தின. அப்பாக்கள் குழந்தையைச் சமாதானப்படுத்தாமல் போனில் படம் பிடித்தார்கள். பெரிய மீசை வைத்த ஒருத்தர் பக்கத்து நாற்காலிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டதை ஜிப் அக்காவே பார்த்தாள். மறுநாள் பேருந்தில், டீக்கடையில், லிப்டில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. எப்படி மறைஞ்சான்? மேடைக்கு அடியில் கதவு இருக்குடா மண்டு. அப்போ அந்தக் குரல்? பாதாளனிடம் தோற்றவன் அடுத்த வாரம் வெறித்த கண்ணோடு வந்து அவனுக்கே சேவகம் செய்தான். அப்படி மாறிப்போனவனுக்காகச் சில பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். குண்டூசிக்குத் தலைகால் புரியவில்லை. 'பாதாள வாசிகள்' என்று போனில் ஒரு குழு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிப்ட் குழிக்குள் உட்கார்ந்தபடியே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் சேர்ந்தார்கள்.

அப்புறம் வந்தது அந்தப் பெயர் வழக்கம். ஜனங்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்கள் பெயரை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிக்க வேண்டும். மேனேஜர், வீட்டுக்காரர், ஏமாற்றிவிட்டுப் போன காதலன், கணக்கு வாத்தியார். பாதாளன் டார்ச் வெளிச்சத்தைச் சுழலவிட்டு, வாரத்துக்கு ஒரு அட்டையை வாங்குவான். பெயரை வாசிப்பான். "இனி நீ என்னுடையவன்" என்று பெட்டிக்குள் போடுவான். அரங்கமே "பெட்டிக்குள்ளே! பெட்டிக்குள்ளே!" என்று அலறும். ஒரு விதி மட்டும் உண்டு. தன் பெயரைத் தானே கொண்டுவரக் கூடாது. அப்படிக் கொண்டுவந்த ஒருத்தனுடைய அட்டையைப் பாதாளன் கிழித்து அவன் தலையிலேயே போட்டுவிட்டான்.

அங்கேதான் வினை பிடித்தது. குண்டூசிக்குத் தன் பேரைப் பாதாளன் வாயால் கேட்க வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு, பல் தேய்க்கும்போதும் அதே பேச்சு.

"அக்கா, நீ எழுதுக்கா. உன்னை விட்டா யாரு என் பேரை எழுதுவா?"

"ஏண்டா, உன்னைப் பிடிக்காதவங்களுக்கா பஞ்சம்? உன் சூப்பர்வைசர்கிட்ட கேளு, ஆசையா எழுதித் தருவாரு."

"விளையாடாதக்கா. ஒரே ஒரு தடவை. டிவியில வரும்."

"சரி சரி, மூக்கால அழாத."

ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிற ஆளா அவள்? அட்டையெல்லாம் சொத்தை என்றாள். தம்பியின் பழைய கறுப்புச் சட்டை ஒன்றைப் பிரித்து விரித்தாள். யாரோ ஒருவர் கோட்டு லைனிங்கில் மிஞ்சிய சிவப்புத் துணியில் எழுத்துகளை வெட்டி ஒட்டித் தைத்தாள். அதோடு விட்டாளா? சாலையில் வேலை செய்கிறவர்களின் ஜாக்கெட்டில் ஒளி பட்டால் மின்னுமே ஒரு பட்டை, அதில் ஒரு துண்டு கடையில் கிடந்தது. அதை எழுத்துகளைச் சுற்றி மெல்லிசாக ஓட்டினாள். இருட்டில் டார்ச் பட்டால் மின்ன வேண்டும், அதுதான் கணக்கு. குண்டூசி அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "நீ பெரிய ஆளுக்கா" என்றான்.

கணக்கு தப்பவில்லை. அந்தச் சனிக்கிழமை அத்தனை அட்டைக்கு நடுவில் அவள் துணி மட்டும் தீப்பிடித்த மாதிரி மின்னியது. பாதாளன் படியிறங்கி நேராக அவளிடமே வந்தான். துணியை வாங்கினான். எழுத்துகளை விரலால் தடவினான். "குண்டூசி…" என்றான் அந்தக் கிணற்றுக் குரலில். "இனி நீ என்னுடையவன்." விளக்கு அணைந்தது. பக்கத்தில் தம்பி அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தான். ஜிப் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போய் அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவிடம் நடித்துக் காட்டினான். "எருமை மாதிரி வளர்ந்திருக்க, பேய் வேஷம் போட்டுட்டு திரியற" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் சில வாரம்தான். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினான். கட்டினவன் எழுந்திருக்கவில்லை. அக்கா கடையைத் திறக்க இறங்கி வந்தவள், "நகர்றா, வழியில குந்திக்கிட்டு" என்று முதுகில் தட்டினாள். ஒரு லேஸ் கட்டியிருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. இதயம் என்றார் டாக்டர். பிறவியிலேயே இருந்திருக்கும், தெரியாமலே போயிருக்கும் என்றார். எடுத்துப்போய் எல்லாம் முடிந்தது. அம்மா தரையில் விழுந்து புரண்டாள். ஜிப் அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். 

பாதாள வாசிகளுக்குச் சேதி போனது. முதலில் எல்லாரும் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். நம்ம குண்டூசி போயிட்டானே, நம்பவே முடியல, சிரிச்ச முகம்டா அது. யாரோ ஒருத்தன்தான் அந்தப் பழைய வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டான். கீழே ஒரு மண்டையோட்டுப் படம். 'பாதாளன் சொன்னா சொன்னதுதான்.' அவ்வளவுதான். அது குழுவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, குண்டூசி யார் என்றே தெரியாதவர்கள் போனுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நிஜமாவே தூக்கிட்டான்யா என்று சிலர் புல்லரித்தார்கள், சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இதுதான் சரியான விளம்பரம் என்று ஒரு அறிவாளி எழுதினான். அடுத்த சனிக்கிழமை அரங்கத்தில் 'அடுத்தது யார்?' என்று அட்டை பிடித்தார்களாம். அவர்களைச் சொல்லி என்ன? செத்தவனுக்கு ஒரு அம்மா இருப்பாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதுதான் வயிறெரிகிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்து காட்டினாள். உங்க பையன் எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாருங்க என்று. அம்மா பையனைப் பார்த்தாள். பக்கத்தில் கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற பெண்ணையும் பார்த்தாள்.

"இதை நீயா தச்ச?"

"ஆமாம்மா. அவன்தான் கேட்டான்."

"கோவத்துலகூட நான் அவனை ஒரு வார்த்தை சாகற பேச்சு பேசினதில்லடி. நீ அவன் பேரைப் பெட்டியில போட்டுட்டியே."

அதுதான் அம்மா அவளிடம் கடைசியாகப் பேசினது. அதற்கப்புறம் தட்டு வைக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், அவ்வளவுதான். ஜிப் அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது நாடகம்மா, அந்தாளு அங்கியே பழைய திரைச்சீலை துணிம்மா, டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்ட. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சொல்லும்போதே அக்காவுக்கும் தெரியும், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறோம் என்று. அத்தனை அட்டைக்கு நடுவில் அந்தத் துணி மட்டும் மின்னாமல் இருந்திருந்தால்? அந்தப் பட்டையை ஏன் வைத்துத் தைத்தேன்? மிஷினை மிதிக்கும்போதெல்லாம் இதே நினைப்பு.

இதில் ஒரு விசித்திரம். ரெஸ்லிங்கைக் காட்டுமிராண்டிக் கூத்து என்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, சனிக்கிழமை சாயந்திரமானால் டிவி முன்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். சண்டையை அவள் பார்க்கவில்லை. பெட்டி வரும்போது மட்டும் முன்னால் சாய்ந்து பார்ப்பாள். பெட்டி போனதும் எழுந்துவிடுவாள். கம்பெனி அப்போது ஒரு அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டது. வருஷத்தின் பெரிய போட்டியில் தங்கமுஷ்டி அந்தப் பெட்டியை உடைக்கப் போகிறான், உள்ளே இருக்கும் எல்லாப் பெயரும் விடுதலை ஆகும் என்று.

ஜிப் அக்கா கம்பெனியின் சாமான் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். அங்கி, பெட்டி, புகை மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. கிழிந்த உடுப்புகளைக் கடைக்குக் கொண்டுவருகிறவரும் அவர்தான்.

"அண்ணே, பெட்டியை நிஜமாவே திறப்பீங்களா?"

"திறக்காம? உடைச்சு, ஒவ்வொரு பேரா வாசிச்சு, போ, உன்னை விட்டுட்டேன்னு சொல்லுவான். ஜனம் குடம் குடமா அழும் பாரு."

அக்கா அன்றைக்கு மாடியேறிப் போய் அம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "பெட்டியைத் திறக்கப் போறாங்களாம்மா. எல்லாப் பேரையும் வாசிச்சு விட்டுடுவாங்களாம்." அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர் டீ இருந்தது. அக்கா தனக்கு வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டி திறந்தால் அம்மா பேசிவிடுவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நடமாடினாள்.

ஜனத்தை மட்டும் நம்பவே கூடாது. தலையில் தூக்கிவைத்து ஆடினவர்களுக்கே அலுத்துப்போனது. கம்பெனிக்காரர்களும் சும்மா இருந்தார்களா? ஆனமட்டும் இழுத்தார்கள். பாதாளன் விரலை நீட்டினால் இடி இடிக்கும் என்றார்கள், இடி அவன் விரலை மடக்கின பிறகு வந்தது. ஒரு வாரம் புகை மிஷின் மக்கர் பண்ணி, கண்டபடி புகையைக் கக்கி, பாதாளன் மூச்சு முட்டி இருமிவிட்டான். மைக்கில் அந்த இருமல் கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலித்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "மருந்து குடிச்சிட்டு வாய்யா!" என்றான். அரங்கமே சிரித்தது.

அதோடு போச்சு. அடுத்த வாரம் விளக்கு அணைந்ததும் எல்லாரும் சேர்ந்து இருமினார்கள். அதற்கடுத்த வாரம் இருமிக்கொண்டே கைதட்டினார்கள். நாங்க குஸ்தி பார்க்க வந்தோமா, பேய்க்கதை கேட்க வந்தோமா என்று போனில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தம்பி ஆரம்பித்த குழுவுக்குப் 'பாதாள இருமல்' என்று யாரோ பேர் மாற்றிவிட்டார்கள். என்னைச் சிரித்தே கொன்றீர்கள் என்று கதையில் சொன்னவனை, நிஜமாகவே சிரித்துச் சாகடித்துக்கொண்டிருந்தார்கள்.

கதையையே நிறுத்திவிட்டால் பெட்டி திறக்காதே என்று ஜிப் அக்காவுக்குத் தோன்றியது. தம்பி போன பிறகு அரங்கத்துப் பக்கமே போகாதவள், அந்தச் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நேராகப் போனாள். விளக்கு அணைந்தது. மணி அடித்தது. இருமல் ஆரம்பித்தது. அவள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

"சிரிக்காதீங்க! உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், பெட்டி திறக்கற வரைக்கும் சிரிக்காதீங்க! இன்னும் கொஞ்ச நாள்தான்!"

ஒரு நிமிஷம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இதுவும் கதையில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்து ஒருத்தன் கைதட்டினான். போன்கள் அவள் பக்கம் திரும்பின. "டேய், இது குண்டூசியோட அக்காடா!" என்று ஒரு பெண் குரல். "குண்டூசி அக்கா! குண்டூசி அக்கா!" என்று மொத்த அரங்கமும் தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தது. பாசமாகத்தான் கத்தினார்கள். யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்து முத்தம்கூடக் கொடுத்தாள். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரமே சாமான் அண்ணன் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்தார். மூட்டையைப் பிரித்தால் பாதாளனின் கறுப்பு அங்கி.

"இதை இடுப்போட வெட்டி, சட்டை மாதிரி பண்ணிடும்மா. கையில மஞ்சள் சுருக்கு வச்சுடு. காலர்லயும் வை. இனிமே அவன் பாதாளன் இல்ல, ஜாலி மாமா. டான்ஸ் ஆடிக்கிட்டே வருவான்."

"அப்ப பெட்டி?"

"பெட்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சாச்சு. அதுக்குள்ளேருந்து பலூன் வரும். ஜனத்துக்கு அந்தக் கதை பிடிக்கலம்மா. மேலேருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"பேரெல்லாம் வாசிக்கறேன்னு சொன்னீங்களே அண்ணே?"

"எந்தப் பேரு? ஓ, அதுவா? அட்டையெல்லாம் அந்தந்த வாரமே குப்பைக்குப் போயிடும். பெட்டி எப்பவும் காலிதான்."

"ஒண்ணு மட்டும் அட்டை இல்லண்ணே. துணி."

சாமான் அண்ணன் யோசித்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. "கறுப்புத் துணி, சிவப்பு எழுத்து, அதானே? துணியைப் போய் யாராவது குப்பையில போடுவாங்களா? மேடை துடைக்க வச்சிருந்தோம். வேர்வை, தண்ணி எல்லாம் நல்லா இழுத்துச்சு. நைஞ்சு போனப்புறம்தான்…" பாதியில் நிறுத்திவிட்டார். "ஐயோ, அது உன் தம்பியோடதா? சத்தியமா தெரியாதும்மா."

"பரவாயில்லண்ணே," என்றாள் அவள். பரவாயில்லையாம். எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு மூட்டைத் துணியை மடித்தார். போகும்போது, அளவு கொடுக்கப் பாதாளனையே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாம்பல் பூசாமல் பாதாளனை அவள் அப்போதுதான் பார்த்தாள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். முட்டியில் கட்டுப் போட்டிருந்தான். "வணக்கங்க," என்றான். குரல் கீச்சென்று, பள்ளிக்கூடப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. கிணற்றுக் குரல் மைக்கில் போட்ட வேலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோள் அளவு எடுக்க அவள் ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது. அளவு நாடாவைப் பிடித்தபடியே கேட்டாள்.

"தம்பி, வெட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இதைப் போட்டுக்கிட்டு மாடிக்கு வர்றியா? என் அம்மா முன்னாடி என் தம்பி பேரைச் சொல்லி, விட்டுட்டேன்னு சொல்லிடு. எனக்காக வேணாம். அந்தக் கிழவிக்காக."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீடியோவை அவனும் பார்த்திருந்தான். "அதைப் பார்த்தப்புறம் எனக்குச் சாப்பாடே இறங்கலைங்க," என்றான். மறுபேச்சு பேசாமல் அங்கியை மாட்டிக்கொண்டான்.

மாடியில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகல் வெளிச்சம். அந்தச் சின்ன அறையில் அவன் நின்றதும் இடமே இல்லாமல் போனது. அம்மா பயப்படவில்லை. டிவியில் பெட்டி வரும்போது சாய்வாளே, அப்படியே முன்னால் சாய்ந்தாள்.  புகை இல்லை, மணி இல்லை, மைக் இல்லை. தன்னுடைய கீச்சுக் குரலிலேயே சொன்னான்.

"குண்டூசி… உன்னை விட்டுட்டேன். நீ போ."

அம்மா அவனை ஏறெடுத்துப் பார்த்தாள்.

"போகச் சொல்லாதப்பா," என்றாள். "வரச் சொல்லு."

அவன் ஜிப் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் என்ன செய்வாள்? அவன் கட்டுப்போட்ட முட்டியை மடக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தான். "எனக்கு அந்த வசனம் எழுதிக் கொடுக்கலைம்மா," என்றான். சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய ஆள், அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். அம்மா அவன் தலையில் கை வைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கியை வெட்டத்தான் வேண்டும், வேலை வேலைதானே. வெட்டினாள். கையில் மஞ்சள் சுருக்கு வைத்தாள், காலரிலும் வைத்தாள். தையல் கோணவில்லை. மறுநாள் காலையில் அடுப்பு மேடையில் ஒரு டம்ளர் டீதான் இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் அம்மா வழக்கம்போல் டிவி முன்னால் உட்கார்ந்தாள். அக்கா அடுக்களை வாசலில் நின்றாள்.  பாட்டு ஆரம்பித்தது. மஞ்சள் சுருக்கு வைத்த சட்டையில் ஜாலி மாமா இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். ஜனம் எழுந்து நின்று ஆடியது, குழந்தைகள் கைதட்டின, யாருமே இருமவில்லை. நாலு பேர் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். மஞ்சள் அடித்திருந்தும் அம்மாவுக்கு அது எந்தப் பெட்டி என்று தெரிந்துவிட்டது. முன்னால் சாய்ந்தாள்.

மாமா மூடியைத் திறந்தான். பலூன்கள் வந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. அரங்கம் ஆர்ப்பரித்தது. கடைசி பலூன் வெளியே வந்து, பெட்டியின் உள்பக்கம் வெறுமையாகத் தெரியும் வரைக்கும் அம்மா கண்ணை எடுக்கவில்லை.

"அணைச்சிடுடி," என்றாள்.

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் மகளிடம் பேசின முதல் வார்த்தை. ஜிப் அக்கா போய் அணைத்தாள். திரும்பினால் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பேரை என்ன கலர்ல தச்ச?"

"சிவப்பும்மா."

"அவனுக்கு நீலந்தாண்டி பிடிக்கும்."

"ஆமாம்மா," என்றாள் ஜிப் அக்கா. தம்பிக்கு நீலம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றைக்குக் கையில் அகப்பட்ட துணி சிவப்பு. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு, அவன் போன நாளிலிருந்து வராத அழுகையை அப்போதுதான் அழுதாள்.